கறுப்புக் காட்டு ஷிங்கனைத் தினமும் சாப்பிடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. இரவில் சமைக்க நேரமில்லாததால் ரொட்டியோடு, இங்குள்ள கறுப்புக் காடு என்னும் மலைப் பகுதியில் உப்பிட்டுப் புகையூட்டிச் செய்யும் பன்றித் தொடையான கறுப்புக் காட்டு ஷிங்கனில் நாலைந்து துண்டு வைத்துச் சாப்பிட்டுவிடுகிறீர்கள். உறையில் 100 கிராமுக்கு 27 கிராம் புரதம் என்று அச்சிட்டிருக்கிறது. இறைச்சிக் கடைக்காரரோ இது பாட்டன் காலத்து முறையில் விறகுப் புகையில் செய்தது, இரசாயனம் எதுவும் கிடையாது என்கிறார். அண்மைப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருந்ததால் தினமும் சாப்பிடுவது சரியா என்ற ஐயம் வந்திருக்கிறது. கேள்வி புரதத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், பழைய முறையில் செய்த உப்பிட்ட பன்றி இறைச்சி மற்றப் பதப்படுத்திய இறைச்சிகளைவிட உடம்புக்கு நல்லதா என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் தென்மேற்கு ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் உணவியல் பிரிவில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இந்த ஊர்க்காரர்களின் இரவு உணவுப் பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்வதே என் அன்றாட வேலையில் பாதி. ஆனாலும் உங்கள் கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில், மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி என்றும் அவரும் இதை விரும்பிச் சாப்பிடுகிறார் என்றும் எழுதியிருப்பதால், மற்றதெல்லாம் பிறகு, அதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டும். அவர் இதைச் சாப்பிட வேண்டாம். கறுப்புக் காட்டு ஷிங்கன் எந்தக் கட்டத்திலும் வேகவைக்கப்படுவதில்லை. உப்பும் புகையும் உலர்த்தலும் மட்டுமே பட்ட பச்சை இறைச்சி அது. லிஸ்டீரியா கிருமியும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியும் கருவைப் பாதிக்கக்கூடியவை என்பதால், பச்சை ஷிங்கன், ஸலாமி, மெட் எனப்படும் பச்சைக் கொத்துப் பன்றி இறைச்சி ஆகியவற்றைக் கர்ப்ப காலத்தில் தவிர்க்கும்படி ஜெர்மனியின் சுகாதாரத் துறைகள் அறிவுறுத்துகின்றன. நீண்ட நாள் உப்பில் ஊறி உலர்ந்த இறைச்சியில் இந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் குறைவு என்பதை நம்பி ஒரு கர்ப்பிணிக்குப் பரிந்துரைக்க முடியாது. இதுவரை சாப்பிட்டதை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. அடுத்த முறை மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது தெரிவித்து, டாக்ஸோபிளாஸ்மாவுக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வரை ஆவி பறக்கச் சூடாக்கிய காஸ்லர் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி) போன்றவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

இனி உங்கள் பங்குக்கு வருவோம். ஷிங்கனில் நல்லது எதுவுமில்லை என்று சொல்பவர் அதன் உறையைப் படிக்காதவராகத்தான் இருக்க வேண்டும். பன்றியின் பின்தொடையை உப்பிட்டு உலர்த்தும்போது அது தன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை நீராக இழக்கிறது. அதனால்தான் புதிய இறைச்சியில் 20 கிராமைச் சற்றே தாண்டும் புரதம் இதில் 25 முதல் 28 கிராம் வரை ஏறுகிறது. அது முழுமையான புரதம். பன்றி இறைச்சிக்கே உரிய தனிச்சிறப்பு தயமின் என்னும் வைட்டமின் பி1. மாட்டிறைச்சியோ கோழியோ இதில் பன்றிக்கு அருகில்கூட வர முடியாது. நான்கு துண்டு ஷிங்கன் ஒரு நாள் தயமின் தேவையில் கால் பங்கையாவது தரும். பி12, துத்தநாகம், செலினியம் ஆகியவையும் இருக்கின்றன. கொழுப்பு நீங்கள் வாங்கும் துண்டைப் பொறுத்தது: வெள்ளைக் கரையோடு வெட்டிய ஷிங்கனில் 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை போகும், முதுகுச் சதையில் செய்யும் லாக்ஸ்ஷிங்கனில் 5 கிராமுக்குள் நின்றுவிடும். பெயரில் லாக்ஸ், அதாவது சால்மன் மீன், இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், நிறத்தை வைத்து வந்த பெயர் அது. பன்றிக் கொழுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே ஒலியிக் அமிலம் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி. அதற்காக அதை ஆலிவ் எண்ணெய்க்கு ஈடாக்கிவிட முடியாது, ஏனெனில் ஐந்தில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு.

உங்களுக்குள்ள சிக்கல் இவற்றில் எதிலும் இல்லை. அது உப்பில் இருக்கிறது. எங்கள் பிரிவில் ஒரு சிறிய மின்தராசு வைத்திருக்கிறோம். வருபவர்களிடம் வாயால் கேட்டால் ஒவ்வொருவரும் 'கொஞ்சம்தான்' என்பார்கள். ஆகவே பலகையில் அவர்கள் வழக்கமாக வைப்பதைப் போலவே வைக்கச் சொல்லி நிறுத்துப் பார்ப்போம். நீங்கள் எழுதிய உணவையே அப்படி நிறுக்கலாம். கடை இயந்திரத்தில் வெட்டிய ஷிங்கன் துண்டு ஒன்று 12 முதல் 15 கிராம் இருக்கும். ஐந்து துண்டு என்றால் ஏறத்தாழ 65 கிராம். இந்த ஷிங்கனில் 100 கிராமுக்கு சுமார் 5 கிராம் உப்பு உண்டு. ஆக அதிலேயே 3 கிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. ஜெர்மானிய ரொட்டி இனிக்காதே தவிர உப்பில்லாதது அன்று: இரண்டு துண்டு, 100 கிராம், 1.2 கிராம் உப்பு. ஓரத்தில் ஓர் ஊறுகாய் வெள்ளரி வைத்தால் இன்னும் அரை கிராம். ஒரே வேளையில் 5 கிராமைத் தொட்டுவிட்டோம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் வகுத்துள்ள எல்லையே 5 கிராம்தான், ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கம் 6 கிராம் என்கிறது. மதியம் நீங்கள் அலுவலக உணவகத்தில் சாப்பிட்டது இந்தக் கணக்கில் சேரவே இல்லை. புதிய பன்றி இறைச்சியில் 100 கிராமுக்கு 60 மில்லிகிராம் அளவுக்கே சோடியம் உள்ளது. ஷிங்கனில் அது 2,000 மில்லிகிராம், அதாவது முப்பது மடங்குக்கு மேல். இரத்த அழுத்தம் கூடியிருக்கும் ஒருவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

உப்புக்கண்டம் போட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உப்பிட்டு உலர்த்திய இறைச்சியை எந்த ஊரிலும் தினசரி உணவாகக் கண்டுபிடிக்கவில்லை; கெட்டுப்போகாமல் மாதக்கணக்கில் வைத்திருக்கவே கண்டுபிடித்தார்கள். கறுப்புக் காட்டில் குட்டாஹ் என்ற ஊரில் ஃபோக்ட்ஸ்பாவர்ன்ஹோஃப் என்று ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 1612-இல் கட்டிய பண்ணை வீடு அதே இடத்தில் நிற்கிறது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம், ஒருமுறை பாருங்கள். பழைய கறுப்புக் காட்டு வீடுகளுக்குப் புகைபோக்கி கிடையாது; அடுப்புப் புகை சமையலறையின் கூரை வளைவில் தேங்கி, மெல்லப் பரணுக்குள் ஏறிக் கூரை வழியே கசியும். அந்த வளைவில்தான் தொடைகளையும் கொழுப்புப் பாளங்களையும் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டார்கள். சுவர்கள் இன்றும் தார் பூசியது போலக் கறுத்துப் பளபளக்கின்றன. குளிர் தொடங்கும்போது அறுத்த பன்றி, வீடு முழுவதற்கும் அடுத்த கோடை வரை வர வேண்டும். ஆகவே கத்தியால் மெல்லச் சீவி, ரொட்டிக்குத் துணையாகத்தான் உண்டார்கள். உண்டவர்களும் பகல் முழுதும் புல்லறுத்து வியர்த்தவர்கள். என்னிடம் வந்த முதிய விவசாயி ஒருவர், தன் தாய் ஷிங்கனை வெட்டும் உரிமையைப் பிள்ளைகள் எவருக்கும் கொடுத்ததில்லை என்று சொன்னார். இன்று அதே பொருள் 100 கிராம் உறையில் எல்லா நாளும் கிடைக்கிறது. செய்முறை பெரிதாக மாறவில்லை, உண்ணும் அளவும் உழைப்பும் மாறிவிட்டன.

'இரசாயனம் கிடையாது' என்ற கூற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கறுப்புக் காட்டு ஷிங்கனுக்கு 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. எலும்பு நீக்கிய தொடையில் உப்பு, பூண்டு, கொத்தமல்லி விதை, மிளகு, ஜூனிப்பர் காய் ஆகியவற்றைக் கையால் தேய்த்து வாரக்கணக்கில் ஊறவைத்து, பிறகு தேவதாரு இனத்தைச் சேர்ந்த டானே, ஃபிக்டே மரங்களின் புகையில் சுமார் 25 பாகை வெப்பத்தில் மேலும் சில வாரங்கள் வைத்து, காற்றில் ஆறவிட்டு, ஏறத்தாழ மூன்று மாதத்தில் முடிக்கிறார்கள். இவையெல்லாம் அந்த மலைப் பகுதியிலேயே நடக்க வேண்டும். பன்றி மட்டும் எங்கிருந்தும் வரலாம். உப்போடு வெடியுப்போ நைட்ரைட் கலந்த உப்போ சேர்ப்பது இதில் வழக்கம். உறையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஈ 250 அல்லது ஈ 252 என்று இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது சோடியம் நைட்ரைட், பின்னது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. உங்கள் கடைக்காரர் பொய் சொல்லியிருக்கிறார் என்று நான் கருதவில்லை. பாட்டனும் அதைத்தான் போட்டார் என்பதால் அவர் கண்ணுக்கு அது இரசாயனமாகத் தெரிவதில்லை.

வெடியுப்பு பழமையானது, நைட்ரைட் தொழிற்சாலையின் வரவு என்று பிரித்துப் பேசுபவர்கள் உண்டு. அந்தப் பிரிவு நிற்காது. 1891-இல் பேர்லினில் இருந்த பேரரசின் சுகாதார அலுவலகத்தில் எடுவர்ட் போலென்ஸ்கே, வெடியுப்பு மட்டுமே போட்ட இறைச்சியில் நைட்ரைட் உருவாகியிருப்பதைக் கண்டறிந்தார். இறைச்சியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு தசையின் நிறமியோடு இணைவதால்தான் வேகவைத்தாலும் காஸ்லர் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. ஆகவே பழைய முறையிலும் நைட்ரைட் இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதுதான் எவருக்கும் தெரியாமலிருந்தது. நேரடியாக நைட்ரைட்டைக் கையாண்டவர்கள் அளவு தவறி மக்களுக்கு நஞ்சேறிய பிறகு, 1934-இல் ஜெர்மனி ஒரு சட்டம் இயற்றி, சாதாரண உப்பில் மிகச் சிறு விகிதத்தில் முன்கூட்டியே கலந்த நைட்ரைட்டை மட்டுமே அனுமதித்தது. இன்றைய கலவையில் அந்த விகிதம் நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டுவதில்லை. தவறி அதிகம் போட்டால் நஞ்சாகும் முன்பே வாயில் வைக்க முடியாத உப்பாகிவிடும். எளிமையான, கெட்டிக்கார ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றி 2025 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதிகள் இந்த வரம்புகளை மேலும் குறைத்துள்ளன.

நைட்ரைட்டே வேண்டாமே என்று கேட்கலாம். அதற்குப் பதில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஹைல்பிரோன் அருகே வைன்ஸ்பெர்க் என்ற ஊரில் மருத்துவராக இருந்த கவிஞர் யுஸ்டினஸ் கெர்னர், வுர்டெம்பெர்க் கிராமங்களில் தொத்திறைச்சி உண்டவர்கள் கண் இரட்டையாகத் தெரிந்து, விழுங்க முடியாமல், மூச்சு நின்று இறந்துபோவதைப் பதிவு செய்து 1820-இலும் 1822-இலும் நூல்கள் வெளியிட்டார். அந்த நஞ்சைத் தன் நாக்கிலேயே வைத்தும் சோதித்தார். அந்நோய்க்கு வழங்கும் பொட்டுலிசம் என்ற பெயரே தொத்திறைச்சிக்கான இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1895-இல் பெல்ஜியத்தின் எல்லெஸெல் ஊரில் இறுதிச் சடங்கு ஒன்றுக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் உப்பிட்ட பன்றித் தொடையை உண்டு நோயுற்றபோது, எமில் வான் எர்மெங்கம் அந்த இறைச்சியிலிருந்தே கிருமியைப் பிரித்தெடுத்தார். நைட்ரைட் அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறது. இருந்தாலும் அது இல்லாமல் முடியவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது: இத்தாலியின் பார்மா தொடையில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லை, நிறைய மாதங்களும் கவனமான குளிரும் அந்த வேலையைச் செய்கின்றன. ஜெர்மனியிலும் பியோலாண்ட், டெமெட்டர் முத்திரை பெற்ற இயற்கை வேளாண் பொருள்களில் நைட்ரைட்டுக்கு இடமில்லை. உங்களுக்கு விருப்பமிருந்தால் அவற்றை வாங்கலாம். உப்பு மட்டும் அவற்றிலும் அதே அளவுதான்.

புகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விறகு எரியும்போது பென்சோபைரீன் முதலான புற்றூக்கிகள் உண்டாகின்றன; வெப்பம் கூடக் கூட அவையும் கூடுகின்றன. புகையூட்டிய இறைச்சியில் பென்சோபைரீன் ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2014 செப்டம்பர் முதல் ஐரோப்பிய விதி. கனன்று மட்டும் எரியும் மரத்தூளிலிருந்து வரும் குளிர்ந்த புகையில் இவை குறைவாகவே பிறக்கின்றன, பிறப்பவையும் பெரும்பாலும் மேற்பரப்பில் தங்குகின்றன. அதனால் ஷிங்கனின் அந்தக் கறுத்த ஓரத்தைச் சீவி எறிந்துவிடுங்கள். நான் மேலே சொன்ன பண்ணை வீட்டின் கறுத்த சுவரைப் பார்த்தால், இன்றைய புகைக்கூடங்களைவிட அந்தக் காலத்துப் புகை தூய்மையானது என்று எவரும் வாதிடமாட்டார்.

புற்றுநோய் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் ஒரு பக்கம் அச்சுறுத்தலும் மறுபக்கம் அலட்சியமும்தான் காதில் விழுகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பிரிவில் வைத்தது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று பலர் எழுதினார்கள், அது தவறு. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, கேடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. கேட்டின் அளவுக்கு அவர்கள் தந்த எண் வேறு: தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது. வாழ்நாளில் நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு வரக்கூடிய நோய் இது என்று வைத்துக்கொண்டால், நூறு பேரும் தினமும் 50 கிராம் உண்ணும்போது ஏறத்தாழ இன்னும் ஒருவர் சேர்கிறார். சிறிய எண்தான், ஆனால் நீங்கள் உண்பது 50 அல்ல, 65 கிராம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது தொடர்பு உண்டு என்பதும் அளவு கூடினால் அதுவும் கூடுகிறது என்பதும்தான். குற்றவாளி நைட்ரைட்டா, இறைச்சியின் இரும்பு நிறமியா, புகையா, மூன்றும் சேர்ந்தா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை. இந்த ஆய்வுகள் மக்களைப் பல ஆண்டுகள் கவனித்துப் பெற்றவை, தொத்திறைச்சியையும் ஷிங்கனையும் பேக்கனையும் ஒரே கூடையில் போட்டு எண்ணியவை. ஆகவே பாரம்பரிய ஷிங்கன் மட்டும் விதிவிலக்கு என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. அது மற்றவற்றைவிட மோசம் என்பதற்கும் கிடையாது.

கீரையில் இதைவிட நைட்ரேட் அதிகமாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், நம் உணவில் வரும் நைட்ரேட்டில் பெரும்பகுதி காய்கறிகளிலிருந்தே வருகிறது. ஆனால் கீரை தன்னோடு வைட்டமின் சி-யையும் கொண்டுவருகிறது. நைட்ரைட் புரதச் சிதைவுகளோடு சேர்ந்து நைட்ரோசமீன் என்னும் புற்றூக்கி ஆவதை அது தடுக்கிறது, இறைச்சியின் இரும்பு நிறமியோ அதைத் தூண்டுகிறது. உப்பிட்ட பன்றி இறைச்சியை வடக்கே குறுன்கோல் கீரையோடும் மற்ற இடங்களில் புளித்த முட்டைக்கோஸோடும் உண்பது இந்தக் கணக்கை அறிந்து வந்த வழக்கமன்று, பனிக்காலத்தில் கிடைத்தது அவ்வளவுதான். இருந்தாலும் நல்ல சேர்க்கை. அதே காரணத்துக்காகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: உப்பிட்ட எதையும் தணலில் சுடாதீர்கள். கோடை வந்ததும் சக ஊழியர்கள் காஸ்லரையும் ஸ்பெக் என்னும் உப்பிட்ட பன்றிக் கொழுப்புத் துண்டு சுற்றிய காளானையும் கம்பி அடுப்பில் போடுவார்கள். அந்தக் கடும் வெப்பத்தில்தான் நைட்ரோசமீன் வேகமாக உருவாகிறது. சுடுவதற்கு உப்பிடாத இறைச்சியே உகந்தது. காஸ்லரையும் ஐஸ்பைன் என்னும் உப்பிட்ட பன்றிக் காலையும் நீரில் மெதுவாக வேகவைக்கலாம். கருவாட்டை ஊறவைப்பது போலச் சில மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் உப்பில் ஒரு பங்கு போய்விடும், தயமினிலும் கொஞ்சம் கூடவே போகும். ஷிங்கனுக்கு இந்த வைத்தியம் செல்லாது.

ஆகவே தினமும் வேண்டாம் என்பதே என் பதில். அதற்குக் காரணம் புற்றுநோய் என்பதைவிட உங்கள் இரத்த அழுத்தம். உங்கள் அளவுகளையோ மருந்துகளையோ பார்க்காமல் இதற்கு மேல் நுணுக்கமாகச் சொல்வது முறையாகாது. குடும்ப மருத்துவர் 24 மணி நேர அளவீடு எடுக்கச் சொன்னால் தட்டாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஊட்டச்சத்துச் சங்கம் 2024-இல் திருத்திய பரிந்துரையின்படி இறைச்சி, தொத்திறைச்சி எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு 300 கிராமுக்கு மேல் வேண்டாம்; 2023-இல் இந்நாட்டவர் சராசரியாக உண்டதோ வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. உங்கள் நிலையில் நான் வாரத்துக்கு ஒருமுறை, 30 கிராம், ஊறுகாய் வெள்ளரிக்குப் பதில் முள்ளங்கியோடு என்று எழுதிக்கொடுப்பேன். மற்ற இரவுகளில் புரதம்தான் கவலை என்றால், அந்த 65 கிராம் ஷிங்கன் தரும் 17 கிராம் புரதத்தை 150 கிராம் கொழுப்பு நீக்கிய குவார்க் (மென்மையான பாலாடைக்கட்டி) தந்துவிடும், உப்பு கால் கிராம்கூடச் சேராது. வெங்காயத்தாள், மிளகு, சீரகப் பொடி கலந்து ரொட்டியில் தடவலாம். 30 கிராம் என்பது மிகக் குறைவாகத் தோன்றினால், உறையில் வாங்குவதை விட்டுவிட்டுக் கடை மேசைக்குப் போய் ஹௌஹ்டுன் என்று கேளுங்கள், மூச்சுக்காற்றுப் போல மெல்லியது என்று பொருள். அப்படிச் சீவினால் 30 கிராமுக்கு ஐந்தாறு துண்டு வரும், ரொட்டியும் முழுதாக மூடும்.